இசேயில் கோவிலை இடித்துக் கட்டுகிறார்களா, அம்மன் வீடு மாறுகிறாளா?

கேள்வி, 03.05.2025

ஜப்பானில் இசே என்ற ஊரில் இருக்கும் பெரிய கோவிலில் நேற்று அடுத்த திருப்பணிக்கான முதல் சடங்கு நடந்ததாகச் செய்தி பார்த்தேன். இருபது வருடத்துக்கு ஒரு முறை முழுக்க இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுகிறார்களாம். போன தடவை செலவு 550 கோடி யென். நம் கும்பாபிஷேகத்தின் ஜப்பான் பதிப்புதானே இது? பன்னிரண்டுக்குப் பதில் இருபது, அவ்வளவுதான் வித்தியாசம். 1300 வருடப் பழைய கோவில் என்கிறார்கள், ஆனால் கட்டடத்துக்கு வயது பன்னிரண்டு! அதற்காக ஆயிரக்கணக்கில் நல்ல மரங்களை வெட்டுவது வீண் என்பது என் கட்சி. ஜப்பானில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

04.05.2025, காலை

பத்தொன்பது வருடமாக நகோயாவில் இருக்கிறேன். இசே இங்கிருந்து கிந்தெட்சு ரயிலில் ஒன்றரை மணி நேரம். முதலில் செலவைத் திருத்திக்கொள்ளுங்கள். ஜப்பானியர்கள் ‘550 ஓகு’ என்று சொல்வார்கள். ஒரு ஓகு என்பது பத்துக் கோடி. ஆக 5,500 கோடி யென். இந்த ஓகு கணக்கில் நானும் வந்த புதிதில் அலுவலகத்தில் மானம் கெட்டிருக்கிறேன், அதனால் மன்னிப்பு.

கும்பாபிஷேகம் இல்லை. இந்த விழாவின் பெயர் ஷிகினென் செங்கூ. ‘ஷிகினென்’ என்றால் விதிக்கப்பட்ட ஆண்டு. ‘செங்கூ’ என்ற சொல்லில் கட்டுவது, இடிப்பது, புதுப்பிப்பது எதுவும் கிடையாது. ‘கோவில் மாறுவது’ என்றுதான் பொருள். ஒரே அளவில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மனை. ஒன்றில் அம்மன், அதாவது சூரிய தெய்வமான அமதெராசு, குடியிருக்கிறாள், இன்னொன்று வெள்ளைக் கற்கள் பரப்பிச் சும்மா கிடக்கிறது. சும்மா கிடக்கும் மனையில் புது வீடு எழும்பும். வேலை எல்லாம் முடிந்த பிறகு ஒரு நாள் இரவு அவள் கிளம்பிப் பக்கத்து வீட்டுக்குப் போகிறாள். தூரம் என்று பார்த்தால் கூப்பிடு தூரம்கூட இல்லை.

நம் ஊரில் இதற்குக் கிட்டத்தில் வருவது கிரகப்பிரவேசம். சீர்வரிசைகூட உண்டு. புது வீட்டோடு அவளுக்கு உடை, சீப்பு, கண்ணாடி, வாள், வில், சேணம், நூற்கும் கருவி என்று 714 வகையில் 1,576 பொருட்களைப் பழையதைப் போலவே புதிதாகச் செய்து வைக்கிறார்கள். அதற்கென்று நெசவாளர், வாள் அடிப்பவர், அரக்குப் பூசுபவர் எல்லாரும் வருடக்கணக்கில் உட்கார்ந்து வேலை செய்கிறார்கள். 5,500 கோடியில் மரத்துக்கும் தச்சுக்கும் போக மிச்சம் எங்கே போனது என்று கேட்டால், ஒரு பங்கு இங்கே.

நேற்று முன்தினம் நடந்தது யமகுச்சி-சாய். மலைவாய்ச் சடங்கு என்று சொல்லலாம். மரம் வெட்டப் போகிறோம், உத்தரவு கொடு என்று மலையின் தெய்வத்திடம் கேட்பது. வீடு குடிபோவது 2033-இல். உத்தரவு கேட்பது 2025-இல். எட்டு வருடத்தில் முப்பதுக்கு மேல் சடங்கு.

04.05.2025, இரவு

காலையில் எழுதியதை மனைவி படித்துவிட்டு, நாம் கிரகப்பிரவேசம் செய்த லட்சணத்தையும் எழுது என்றாள். 2011-இல் இப்போதிருக்கும் வாடகை வீட்டுக்கு வந்தபோது பால் காய்ச்சினோம். பொங்கியது. பொங்கியதை விட்டுவிட்டுக் கும்பிட்டோம். அடியில் தீய்ந்து, புகை உணர்கருவி கத்தி, மாடி முழுக்க எட்டிப் பார்த்தது. அமதெராசு அம்மனுக்கு இந்தப் பிரச்சினை இல்லை. அவள் வீட்டில் அடுப்பே கிடையாது. இரண்டு வேளைச் சாப்பாட்டுக்கு கெகு கோவிலில் தனி ஏற்பாடு. அங்கே இருக்கும் தொயோஉகே அம்மனின் வேலையே இவளுக்குப் படைக்கும் உணவைப் பார்த்துக்கொள்வதுதான்.

சொல்ல மறந்துவிட்டேன். நைகு, கெகு என்று உள்கோவில், வெளிக்கோவில் இரண்டு. நைகுவில் அமதெராசு, கெகுவில் தொயோஉகே. நடுவில் சில கிலோமீட்டர். இரண்டையும் மாற்றுகிறார்கள். துணைக்கோவில்கள் சேர்த்து மொத்தம் 125 இருக்கின்றன.

அடுப்பு இல்லை என்பது விளையாட்டுக்குச் சொன்னதுதான், ஆனால் யோசித்தால் அதில் விஷயம் இருக்கிறது. ஜப்பான் கிராமத்து வீடுகளின் நாணல் கூரை ஐம்பது வருடமும் தாங்கும் என்பார்கள். காரணம் உள்ளே எரியும் அடுப்புப் புகை. புகை ஏறினால் பூச்சி வராது, ஈரம் தங்காது. இசே கூரையும் நாணல் வகைப் புல்தான், ஆனால் கீழே புகை இல்லை. தூண்களை அடிக்கல் எதுவும் வைக்காமல் நேராக மண்ணில் குழி தோண்டி நடுகிறார்கள். மரத்தில் வண்ணமும் கிடையாது. மண்ணில் நட்ட மரம் என்ன ஆகும் என்று நம் ஊரில் பந்தல்கால் நட்டவனைக் கேளுங்கள். இருபதாம் வருடம் போய்ப் பார்த்தால் கூரையில் பாசி பிடித்து, ஓலைக் கொட்டகை ஒன்று மழைக்காலம் கழித்து நிற்கிற மாதிரி நிற்கும். 2013-இல் பழையதும் புதியதும் பக்கத்துப் பக்கத்தில் நின்ற சில மாதங்களில் அதைப் பார்த்தேன். தாத்தாவும் பேரனும் ஒரே சட்டையில் நிற்கிற மாதிரி.

07.05.2025

‘மரம் வீண்’ என்பதற்குப் பதில் சொல்லவில்லையே என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள்.

வெட்டுவது ஹினோகி. சைப்ரஸ் குடும்பம். ஒரு தடவைக்குப் பத்தாயிரத்துக்கும் மேல். அதை மறைக்கவில்லை. ஆனால் பழைய வீட்டைப் பிரித்து எரித்துவிடுவதாக நினைக்காதீர்கள். கோவிலின் இரண்டு பக்கச் சுவருக்கு வெளியே தனியாக நின்று கூரை முகட்டைத் தாங்கும் பெரிய தூண் இருக்கிறது. இருபது வருடம் கழித்து அதைச் செதுக்கி, நைகுவுக்குப் போகும் உஜி பாலத்தின் இரு முனையிலும் தொரி வாசலாக நிறுத்துகிறார்கள். பாலத்தின் உள்பக்க வாசல் நைகுத் தூணில் செய்தது, வெளிப்பக்க வாசல் கெகுத் தூணில் செய்தது. அங்கே இருபது வருடம். பிறகு அதே மரம் பழைய நெடுஞ்சாலையில் குவானா படித்துறைக்கும் செகி பிரிவுச் சாலைக்கும் தொரியாகப் போகிறது. அங்கே இன்னும் இருபது. பதவி உயர்வு இல்லாமல் இடமாற்றம் மட்டும் வாங்கும் அரசு ஊழியர் மாதிரி.

மீதி மரம் நாடு முழுக்கச் சின்னக் கோவில்களுக்குப் போகிறது. 2013-இல் பிரித்த மரத்தில் ஒரு பகுதி, 2011 சுனாமியில் அடிபட்ட தோஹோகு பக்கத்துக் கோவில்களுக்குப் போனது.

அப்புறம் அவர்களே 1923-இல் கோவில் காட்டில் ஹினோகி நட ஆரம்பித்தார்கள். 200 வருடத் திட்டம். 2013 விழாவுக்குத்தான் அந்தக் காட்டு மரம் ஓரளவு கைக்கு வந்தது. நட்டவர் ஒருவரும் உயிரோடு இல்லை.

இதனால் எல்லாம் வீண் இல்லை என்று நிரூபித்துவிட்டதாக நான் நினைக்கவில்லை. முந்நூறு வயது மரத்தை வெட்டுவது எனக்கும் உறுத்தும். கணக்கைச் சொன்னேன், அவ்வளவுதான்.

11.05.2025, ஞாயிறு

சரி, கல் கதை.

2013-இல் என் கூட வேலை செய்த ஒருவர் இசேக்காரர். ஆகஸ்டு முதல் வாரம், புது வீடு தயார், அம்மன் இன்னும் வரவில்லை. அந்த இடைவெளியில் ஊர்க்காரர்கள் புது வீட்டின் முற்றத்தில் வெள்ளைக் கற்களைப் பரப்ப வேண்டும். ஒஷிராயிஷி-மொச்சி என்று பெயர். மியாகவா ஆற்றில் பொறுக்கிய கற்கள், ஏறக்குறைய கைப்பிடி அளவு. ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு குழு, ஒரு நாள். அவருடைய தெருக் குழுவோடு என்னையும் கூட்டிப் போனார். வெள்ளை மேலாடை ஒன்று கொடுத்தார்கள், எனக்கு அக்குள் வரைதான் வந்தது.

பீப்பாய்களில் கல்லை நிரப்பி, வண்டியில் ஏற்றி, இரண்டு நீளக் கயிறு கட்டி, நூற்றுக்கணக்கில் ஆட்கள் இழுத்துக்கொண்டு போகிறோம். ‘எந்யா! எந்யா!’ என்று கத்தல். நடுவில் நிறுத்திப் பாட்டு. தேர் இழுத்தவனுக்கு இதெல்லாம் சொல்லித் தர வேண்டியதில்லை என்று நினைத்தேன். தப்பு. நம் தேரில் கயிறு இறுகி இருக்க வேண்டும். இங்கே வேண்டுமென்றே இரண்டு கயிற்றையும் ஒன்றோடு ஒன்று மோத விடுகிறார்கள், ஆட்கள் நெருக்கிக்கொண்டு சிரிக்கிறார்கள். நான் மட்டும் பொறுப்பாக முறுக்கிப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தேன். பின்னால் இருந்த பாட்டி முதுகில் தட்டி, அவசரமே இல்லை என்றார்.

பாலத்துக்கு முன்னால் ஆளுக்கொரு கல். வெள்ளைத் துணியில் வைத்துக் கொடுத்தார்கள். வெறுங்கையால் தொடக் கூடாது. பாலத்தில் நடக்கும்போது வியர்வையில் துணி நழுவிக் கல் கீழே விழுந்து, எனக்கு முன்னால் போனவரின் குதிகாலில் பட்டுவிட்டது. அவர் நண்பருடைய அப்பா. திரும்பிப் பார்த்துவிட்டு, ‘கல்லுக்கு அடிபடவில்லையே?’ என்றார்.

உள்ளே போனதும் முதலில் வாசனைதான். சீவிய ஹினோகி, எலுமிச்சைத் தோலும் கற்பூரமும் சேர்ந்த மாதிரி, வெயிலில் இன்னும் தூக்கலாக. மரத்தின் நிறம் புதுப் பால்கோவா நிறம். தூணிலிருந்து ஒரு கை தூரத்தில் நின்றேன். இழைப்புளி போன தடமே தெரியவில்லை. வெளிச்சம் அதன் மேல் வழுக்கியது. அந்த இடத்தைச் சுற்றி நான்கு வேலி. சாதாரண நாளில் பிரதமரே வந்தாலும் அந்த இடம் வரை வர முடியாது. நமக்கெல்லாம் வெளி வேலியில் தொங்கும் வெள்ளைத் திரைக்கு முன்னால் நின்று கும்பிட்டுவிட்டுக் கூரை நுனியைப் பார்த்துக்கொண்டு திரும்ப வேண்டியதுதான். இந்தச் சில வாரங்கள் மட்டும் கல் தூக்கியவனுக்கு உத்தரவு உண்டு.

கல்லை வைத்தேன். எங்கே வைத்தேன் என்று நினைவில் நிறுத்திக்கொள்ளப் பார்த்தேன். தென்கிழக்கு மூலை மாதிரி, ஆனால் வரிசை நகர்ந்துகொண்டே இருந்தது. தள்ளிவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. நின்றுவிடாதபடி பார்த்துக்கொண்டார்கள்.

நண்பருடைய அப்பாவுக்கு அது நாலாவது தடவை. 1953-இல் பையனாக, 1973-இல் மாப்பிள்ளையாக, 1993-இல் தகப்பனாக, 2013-இல் தாத்தாவாக. ரயிலடியில் விடை கொடுக்கும்போது, அடுத்த தடவை என் பேரனைக் கூட்டிக்கொண்டு நீ வா என்றார். அப்போது எனக்கு முப்பத்தெட்டு வயது. 2033 எல்லாம் ஒரு வருடமா என்று நினைத்துச் சிரித்துவிட்டு வந்தேன்.

12.05.2025

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். ‘பிரதமரே வந்தாலும்’ என்றேன். 2013 அக்டோபரில் அம்மன் வீடு மாறும் சடங்கில் அப்போதைய பிரதமர் அபே கலந்துகொண்டார். பதவியில் இருக்கும் பிரதமர் வருவது 1929-க்குப் பிறகு அதுதான் முதல் தடவை. அரசும் மதமும் தனித்தனி என்று சட்டம் இருக்கும் நாட்டில் அது சரியா என்று பத்திரிகைகளில் சண்டை நடந்தது. போருக்கு முன்னால் இந்தச் செலவு அரசாங்கத்துடையது. 1945-க்குப் பிறகு ஒரு பைசா கிடையாது, எல்லாம் காணிக்கையும் நன்கொடையும்தான்.

இன்னொன்று. பிரதமருக்கு வாசனை கிடைத்ததா தெரியாது, எனக்குக் கிடைத்தது.

18.05.2025

ஏன் இருபது வருடம் என்று கேட்டவருக்கு.

எல்லாரும் சொல்லும் பதில்: தச்சன் இருபது வயதில் எடுபிடி, நாற்பதில் கைவேலை, அறுபதில் மேஸ்திரி. இருபது வருடத்துக்கு ஒரு முறை கட்டினால் தொழில் கைமாறிக்கொண்டே இருக்கும். நானும் வருகிற விருந்தாளிக்கெல்லாம் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அழகான பதில். ஆனால் காரணம் இதுதான் என்று எந்தப் பழைய ஏட்டிலும் எழுதி வைக்கவில்லை. 927-இல் தொகுத்த எங்கிஷிகி சட்டத் தொகுப்பு இருபதாண்டுக்கு ஒரு முறை என்று சொல்கிறது, ஏன் என்று சொல்லவில்லை. வேக வைத்து உலர்த்திய அரிசியை அரசுக் களஞ்சியத்தில் அதிகபட்சம் இருபது வருடம் வைக்கலாம் என்று அக்காலச் சட்டத்தில் இருக்கிறது, அதிலிருந்து வந்தது என்பார் ஒருவர். கூரை தாங்கும் காலம் என்பார் இன்னொருவர். எனக்குக் கூரைக்காரர் பக்கம் சாய்வு.

தொழில் கைமாறுவதற்காகத்தான் என்ற வாதத்துக்குப் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. நடுவில் 120 வருடத்துக்கு மேல் இது நடக்கவே இல்லை. நைகுவில் 1462-க்கு அடுத்தது 1585. கெகுவில் 1434-க்கு அடுத்தது 1563. நாடு முழுக்கப் போர், காசில்லை. நாலைந்து தலைமுறைத் தச்சர்கள் இதைக் கண்ணால் பார்க்காமலே செத்திருப்பார்கள். ஆக விருந்தாளிகளுக்கு இனி வேறு பதில் தயாரிக்க வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். 690-இல் ஜித்தோ பேரரசி காலத்தில் முதல் தடவை, 2013-இல் 62-ஆவது. 1,323 வருடத்தை 62-ஆல் வகுத்தால் 21.3.

18.05.2025, கொஞ்சம் கழித்து

61-ஆல் வகுக்க வேண்டும். 62 தூணுக்கு நடுவில் 61 இடைவெளி. 21.7. எஞ்சினியர் என்று வெளியில் சொல்லாதீர்கள்.

25.05.2025

அந்த 120 வருடத்தை முடித்து வைத்தது யார் என்று பார்த்தால் புத்த பிக்குணிகள்! கெய்கோயின் மடத்தைச் சேர்ந்த செய்ஜுன் என்ற பிக்குணி நாடெங்கும் அலைந்து நிதி திரட்டி 1563-இல் கெகுவை நடத்தி வைத்தார். அவருக்குப் பின் வந்த ஷுயோ, அன்றைய படைத்தலைவர்கள் நொபுநாகாவிடமும் ஹிதெயோஷியிடமும் பணம் பெயர்த்து 1585-இல் நைகுவையும் கெகுவையும் நடத்தினார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், பழைய காலத்தில் இசேயில் புத்த சமயச் சொற்களே தீட்டு. அம்மனுக்குப் பணி செய்ய அனுப்பப்பட்ட அரசகுல இளவரசி அப்போது பக்கத்தில் சாய்கூ என்ற இடத்தில் இருந்தார். அங்கே புத்தத் துறவி என்று சொல்லக் கூடாது, ‘நீண்ட முடிக்காரர்’ என்று சொல்ல வேண்டியிருந்தது. பிக்குணி என்றால் ‘நீண்ட முடிக்காரி’. நம் ஊரில் பாம்பை நல்லது என்பதுபோல. கடைசியில் மொட்டை அடித்த நீண்ட முடிக்காரிகள் வந்துதான் அம்மனுக்கு வீடு கட்டிக் கொடுத்தார்கள்.

இது தெரிந்த பிறகு, இசே ஜப்பானின் சொந்த மதமான ஷிந்தோவின் ‘தூய மரபு’ என்று யாராவது நீட்டி முழக்கினால் எனக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது.

06.06.2025

மூன்றாம் தேதி கிசோ மலையில், நகானோ மாநிலத்து அகெமாட்சுவில், மரம் வெட்டும் சடங்கு நடந்தது. மிசோமா-ஹஜிமே. தொலைக்காட்சியில் பார்த்தேன். இதில் வெட்டும் இரண்டு மரங்கள் கட்டடத்துக்கு இல்லை. அம்மனின் திருவுருவாக இருக்கும் கண்ணாடியை வைக்கும் பேழைக்கு.

ரம்பம் கிடையாது, கோடாரி மட்டும். அடிமரத்தில் மூன்று பக்கத்திலிருந்து கொத்திக் கொத்தி நடுவைக் குடைந்துவிடுகிறார்கள். கடைசியில் முந்நூறு வயது மரம் மூன்று காலில் முக்காலி மாதிரி நிற்கிறது. உள்ளே ஓட்டை வழியாக அந்தப் பக்கம் தெரிகிறது. இப்படி வெட்டினால் மரம் பிளக்காது, நினைத்த பக்கம் விழும். பிறகு ஒரு காலை மட்டும் வெட்ட வேண்டும். அதற்கு முன் மரவெட்டி உரக்கக் கூவுகிறார்: ‘ஒரு மரம் படுக்கப் போகிறதோ...!’ விழப் போகிறது என்று சொல்வதில்லை. படுக்கப் போகிறது, தூங்கப் போகிறது. இரண்டாவது மரம் முதல் மரத்தின் மேல் குறுக்காக வந்து படுத்தது. நுனியிலிருந்து ஒரு பச்சைக் கொப்பை ஒடித்துக்கொண்டுபோய் அடிக்கட்டையின் நடுவில் செருகிவிட்டுக் கும்பிட்டார்கள்.

என் மகள், பதினோரு வயது, அந்தக் கொப்பு துளிர்க்குமா என்று கேட்டாள். துளிர்க்காது என்றேன். பிறகு எதுக்கு என்றாள்.

கேள்வி கேட்ட நண்பரே, உங்கள் ‘மரம் வீண்’ கட்சிக்கு என் வீட்டில் ஒரு வாக்கு இருக்கிறது.

09.06.2025

அந்த இரவைப் பற்றி எழுது என்று ஒருவர் நச்சரிக்கிறார். நான் அங்கே இல்லை. 2013 அக்டோபர் 2, இரவுப் பணி. தொழிற்சாலை ஓய்வறைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். பார்த்தேன் என்பதும் பெரிய வார்த்தை. எட்டு மணிக்கு வளாகத்தில் விளக்கை எல்லாம் அணைத்துவிடுகிறார்கள். திரை முழுக்கக் கறுப்பு. பக்கத்திலிருந்தவர் எழுந்து தொலைக்காட்சியின் மண்டையில் ஒரு தட்டுத் தட்டினார்.

நடப்பது இது. கிளம்பும் முன் ஒருவர் சேவல் மாதிரி மூன்று தடவை கூவ வேண்டும். அமதெராசு கோபித்துக்கொண்டு குகைக்குள் போய்க் கதவடைத்தபோது சேவல்களைக் கூவ விட்டு வெளியே வரவழைத்த கதையின் மிச்சம். பிறகு பேரரசரின் தூதர் மூன்று தடவை ‘ஷுட்சுக்யோ’ என்கிறார். நம் மொழியில் அச்சு அசலாக ‘எழுந்தருள்க’. வெள்ளைப் பட்டுத் திரையால் நான்கு பக்கமும் மறைத்துக்கொண்டு ஒரு கூட்டம் நகர்கிறது. உள்ளே அவள். அதே நேரம் தோக்கியோ அரண்மனையில் பேரரசர் இசேயின் திசை பார்த்து வணங்குகிறார். அந்த வெள்ளைத் திரை இருட்டில் அசைந்து போனது மட்டும் திரையில் தெரிந்தது, துவைத்த வேட்டியை யாரோ கொல்லையில் எடுத்துக்கொண்டு போகிற மாதிரி. மூன்று நாள் கழித்து, 5-ஆம் தேதி, கெகுவிலும் அதேபோல.

திருத்தம் என்று சொல்லும் முன் நானே சொல்லிவிடுகிறேன்: சேவல் சத்தம் இரண்டு இடத்திலும் ஒன்று இல்லை. நைகுவில் ‘ககெகோ’, கெகுவில் ‘ககெரோ’. கொக்கரக்கோ எங்கே என்று மகள் கேட்கிறாள்.

10.06.2025

ஒருவர் பூரி ஜகந்நாதரை நினைவுபடுத்தினார். ஒத்துக்கொள்கிறேன், நான் சொன்ன கிரகப்பிரவேசத்தைவிட அது பொருத்தம். நவகளேபரத்தில் வேம்பு தேடிப்போய் வெட்டி, புதுத் திருமேனி செய்து, பழைய மேனியின் உள்ளிருக்கும் பிரம்மப் பொருளை நள்ளிரவில் மாற்றுகிறார்கள். மாற்றுபவருக்குக் கண்ணைக் கட்டி, கையில் துணி சுற்றியிருக்கும். ஊரே இருட்டில். கடைசியாக 2015-இல் நடந்தது. அங்கே உடம்பு மாறுகிறது, இங்கே வீடு மாறுகிறது.

இரண்டு இடத்திலும் யாரும் பார்க்கக் கூடாத ஒன்று நடுவில் இருப்பதுதான் என்னை இழுக்கிறது. இசேயில் கோவில் தரைக்குக் கீழே ‘ஷின் நோ மிஹாஷிரா’ என்று ஒரு நடுத்தூண் இருக்கிறது. அது எதையும் தாங்கவில்லை. அதற்கு மரம் வெட்டுவது இரவில், நடுவதும் இரவில், படம் கிடையாது. பழைய வீட்டைப் பிரித்து மனை காலியான பிறகு, அந்தத் தூண் இருந்த இடத்துக்கு மேல் நாய்க்கூண்டு அளவில் ஒரு சின்னக் கொட்டகை மட்டும் இருபது வருடம் நிற்கும். இப்போது போனால் பார்க்கலாம்.

(நாய்க்கூண்டு என்று சொன்னதற்கு நண்பர் கோபிப்பார். ஆனால் அளவு அதுதான்.)

21.07.2025

கேள்வி கேட்டவர் திரும்ப வந்து, சரி, அப்படியானால் ஜப்பானில் கும்பாபிஷேகம் மாதிரி ஒன்றுமே கிடையாதா என்கிறார். இருக்கிறது. இசுமோ என்ற ஊரின் பெரிய கோவிலுக்குப் போங்கள். அங்கே மூலக் கட்டடம் 1744-இல் கட்டியது, இடிப்பதில்லை. 2008-இல் சுவாமியைத் தற்காலிக இடத்துக்கு மாற்றிவிட்டு, மரப்பட்டைக் கூரையைப் பிரித்து வேய்ந்து, 2013 மே மாதம் திரும்ப எழுந்தருளச் செய்தார்கள். நம் பாலாலயம், திருப்பணி, குடமுழுக்கு வரிசை அப்படியே. தண்ணீர்க் குடம் மட்டும் இல்லை. இரண்டும் 2013-இல் வந்ததால் அந்த வருடம் இசேக்கு மட்டும் ஒரு கோடியே நாற்பது லட்சம் பேர் வந்தார்கள். அதில் நான் ஐந்து பேர். ஐந்து தடவை போனேன்.

03.10.2025

நேற்றோடு அவள் இந்த வீட்டுக்கு வந்து பன்னிரண்டு வருடம். நைகுவில் கிழக்கு மனைக்கு ‘அரிசி இருக்கை’ என்றும் மேற்கு மனைக்குப் ‘பொன் இருக்கை’ என்றும் பெயர். கிழக்கில் இருந்தால் நாடு அமைதியாக இருக்கும், மேற்கில் இருந்தால் கொந்தளிப்பு என்று ஊரில் ஒரு பேச்சு. 2013-லிருந்து மேற்கில் இருக்கிறாள். கொரோனா, அரிசி விலை எல்லாவற்றையும் இந்தக் கணக்கில் எழுதுகிறார்கள். அரிசி விலையை நானும் எழுதிக்கொள்கிறேன்.

உஜி பாலத்தையும் சொல்லிவிட வேண்டும். 1949-இல் வர வேண்டிய செங்கூ போரால் தள்ளிப் போனது. பாலத்தையாவது கட்டுவோம் என்று அந்த வருடம் பாலம் மட்டும் கட்டினார்கள். கோவில் 1953-இல்தான் வந்தது. அதிலிருந்து பாலம் எப்போதும் நான்கு வருடம் முந்தி. போன தடவை 2009 நவம்பர் 3. புதுப் பாலத்தில் முதலில் நடப்பது அமைச்சரோ தலைமைப் பூசாரியோ இல்லை, உள்ளூரில் தேர்ந்தெடுத்த ஒரு மூத்த பெண். அவருக்குப் பின்னால் ஒரே வீட்டில் மூன்று தலைமுறைத் தம்பதிகள் உயிரோடு இருக்கும் குடும்பங்கள். நம் வீட்டு விசேஷத்துக்கு வந்திருக்கிற கூட்டம் மாதிரியே இருந்தது. அந்தக் கூட்டத்தை வேடிக்கை பார்க்கப் போய்த்தான் எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது.

19.10.2025

நண்பரோடு தொலைபேசியில் பேசினேன். அடுத்த வருடம் மரம் இழுக்கும் விழா. கெகுவுக்குச் சாலையில் வண்டியில், நைகுவுக்கு இசுசு ஆற்றில் தண்ணீரில். தெருக்குழு வண்டியைப் பிரித்துப் பார்க்கிறார்களாம். அந்த வண்டியின் மரச் சக்கரம் அச்சில் உராய்ந்து சங்கு ஊதுவதுபோல ஓர் ஓலம் எழுப்பும், எந்தத் தெரு வண்டி நன்றாக ஓலமிடுகிறது என்பதில் போட்டி. பையன்கள் பாட்டுப் பழகுகிறார்கள்.

அவருடைய அப்பா 2019-இல் போய்விட்டார். பேரனுக்கு இப்போது பதினைந்து வயது, தோக்கியோவில் படிக்கப் போகிறேன் என்கிறானாம். விழா நாளுக்கு மட்டுமாவது வா என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். நீ வருகிறாயா, கயிற்றில் இடம் இருக்கிறது என்றார். வருகிறேன், மகளும் வருவாள், இந்தத் தடவை முறுக்கிப் பிடிக்க மாட்டேன் என்றேன்.

நான் வைத்த கல்லைப் பற்றியும் கேட்டேன். 2033-இல் பழைய வீட்டைப் பிரிக்கும்போது தென்கிழக்கு மூலையைக் கொஞ்சம் பார்க்கச் சொல்லலாமா என்று. அவர் சிரித்துவிட்டு, நீ வைத்தது வடகிழக்கு, நான் உனக்குப் பின்னால்தானே வந்தேன் என்றார்.

20.10.2025

கயிறு இழுக்கக் கையுறை போடலாமா என்று கேட்க மறந்துவிட்டேன். செய்தி அனுப்பியிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை.